கொக்கி விழுந்த சத்தம்

இது நடந்தது.

தேதி இருக்கிறது. நவம்பர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. இடம் இருக்கிறது. துப்பாக்கி செய்வதற்கே பேர்போன ஃபெர்லாக் ஊரிலிருந்து கராவாங்கன் மலைக்கு ஏறும் சாலையில் கடைசித் துப்பாக்கிப் பட்டறை. துப்பாக்கியின் எண்கூட இருக்கிறது. சம்பந்தப்பட்ட மூன்று பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருவர் பிழைத்தது நாலு விரற்கடை வித்தியாசத்தில். மூவரில் யாரிடம் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பேயைப் பார்த்தேன் என்று சொல்லிப் பெயர் வாங்கும் வயசும் அவர்களுக்கு இல்லை, தெம்பும் இல்லை.

முக்கியமாக ரோஸ்வீதாவுக்குத் தெம்பே இல்லை.

ஐம்பத்து நான்கு வயது. பட்டறை அவளுடையது. வேட்டைப் பருவம் முடிய இன்னும் ஒரு மாதம் என்றதும், ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் தங்கள் துப்பாக்கியில் ஏதோ கோளாறு இருப்பது ஞாபகம் வந்துவிடும். அன்று சுவரோரம் இருபத்து மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் "அவசரம்".

மூன்று நாளாக அவள் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. இடது கண்ணில் கறுப்பாகப் பூச்சி பறந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். மருந்து மேஜை மேல் இருந்தது. ஓய்வைத்தான் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

மதியம் 1:40. கதவு திறந்தது. கெர்னோட்.

மேல்காட்டில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். முப்பது வருட வேட்டையில் ஒரு தவறான குண்டு கிடையாது. இருட்டில் எதையாவது சுட்டுவிட்டுப் பிறகு போய்ப் பார்க்கும் ரகம் அல்ல.

"என் துப்பாக்கி ஆச்சா, ரோஸி?"

"ஆகல."

"புதன்கிழமைன்னு சொன்னே."

"எந்த மாசத்துப் புதன்னு சொன்னேனா?"

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையில் மெழுகுத் துணியில் சுற்றிய நீளமான பொட்டலம்.

"ராத்திரி பனி கொட்டப் போகுது. மான் எல்லாம் நாளைக்கே அடுத்த பள்ளத்தாக்குக்கு இறங்கிடும். இந்த வருஷம் நான் சுட்டே ஆகணும்னு போட்டிருக்கிற கணக்குல இன்னும் ஒரு கலைமான் பாக்கி. அது விழலேன்னா குத்தகையப் பறிச்சுடுவானுங்க. இன்னிக்கு சாயங்காலம் விட்டா எனக்கு வேற நாளே இல்ல."

தப்பு அவள் மேல்தான். அவனுடைய துப்பாக்கி, தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்து, சுவரோரம் ஒன்பதாவதாக நின்றது. தொடவே இல்லை.

"சரி. பொட்டலத்துல என்ன?"

"என் கொட்டகையில இருந்தது. கூரை மாத்தினப்ப உத்திரத்து மேல கெடச்சுது. போலீஸ்ல காட்டிப் பதிவும் பண்ணிட்டேன். இது சுடுமான்னு பாரு. மேல மாட்ட ஒரு தொலைநோக்கியும் கொடு. சாயங்கால வெளிச்சத்துல வெறுங்கண்ணால என்னால குறி பார்க்க முடியாது."

"கொடுன்னா? தொப்பி வாங்கற மாதிரி கேக்கறியே!"

"நீதான் பெரிய வித்தைக்காரியாச்சே. நாலு மணிக்கு வரேன்."

போய்விட்டான்.

அவள் துணியைப் பிரித்தாள். தூக்கம் கொஞ்சம் கலைந்தது.

ஒற்றைக் குழல். நடுவில் மடங்கித் திறக்கும் பழைய ரகம். ஒரே ஒரு தோட்டா. மலையில் தூக்கிக்கொண்டு ஏற இதைவிட இலேசானது கிடையாது. வால்நட் கட்டை. பக்கவாட்டில் ஓக் இலைச் செதுக்கல். எங்கேயும் செய்தவர் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எஃகு கொஞ்சம் வழவழப்பாக, குழிந்து இருந்தது. யாரோ அராவி எடுத்திருக்கிறார்கள்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே சோதனை முத்திரை. பக்கத்தில் எண்: 318.36. அந்த ஊரில் இதைப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் சோதிக்கப்பட்ட முன்னூற்றுப் பதினெட்டாவது துப்பாக்கி.

2:05. ஹார்டிக்குப் போன் செய்தாள். மூடிப்போன பட்டறைகளின் ஆர்டர் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பது அவனுடைய கிறுக்கு. மனைவி விட்டுப் போனதற்கு அந்தப் புத்தகங்கள்தான் காரணம் என்பார்கள். புத்தகங்களுக்கு இடம் கிடைத்தது என்பான் அவன்.

"முன்னூத்திப் பதினெட்டு, புள்ளி, முப்பத்தாறா? தேடறேன். நீ தூங்கினியா?"

"யார் தூங்கறது?"

"குரலே சரியில்லையே, ரோஸி. கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

அடுத்தது தொலைநோக்கி. அதுதான் நடக்காத காரியம்.

அந்தப் பக்கத்துப் பழைய துப்பாக்கிகளில் தொலைநோக்கியைத் திருகாணி போட்டு இறுக்குவதில்லை. அதன் அடியில் எஃகுக் கொக்கிகள். துப்பாக்கியின் முதுகில் அதற்கான பள்ளங்கள். முன்கொக்கியை நுழைத்து, பின்பக்கத்தை அழுத்தினால் 'ட்ளக்' என்று உட்காரும். தாழை நெம்பினால் கழன்று வரும். ஆனால் அந்தக் கொக்கிகள் அந்த ஒரு துப்பாக்கிக்காகவே அராவப்பட்டவை. புகைக்கரி பூசிப் பொருத்துவது, எடுப்பது, கரி தேய்ந்த இடத்தை அராவுவது, மறுபடி பொருத்துவது. ஒரு ஜோடிக்கு நாற்பது மணி நேரம். ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டைத் திறக்காது. அப்படித்தான் இதுவும்.

புதிதாகச் செய்ய மூன்று வாரம். இருப்பது இரண்டு மணி நேரம்.

பட்டறையில் ஒரு பெரிய இழுப்பறை உண்டு. துப்பாக்கியை இழந்த தொலைநோக்கிகள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் பட்டறையை விலைக்கு வாங்கியபோது கூடவே வந்தது. மொத்தம் நாற்பத்தோரு குழாய்கள்.

முட்டாள்தனம்தான். அவளுக்கே தெரியும். ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் யோசிப்பதைவிடக் கையால் எதையாவது செய்துகொண்டிருப்பது சுலபம். ஒவ்வொன்றாக எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். அகலம் அதிகம். உயரம் போதாது. நுழையவே இல்லை. பாதி நுழைந்து சிக்கியது.

பதினோராவது குழாய் கனமாக இருந்தது. பழைய எஃகுக் குழாய் கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் இது... கை ஒரு கணம் தாழ்ந்தது. முன்கண்ணாடி கண்புரை விழுந்த கண்போலச் சாம்பல் பூத்திருந்தது. கொக்கியின் அடியில் துப்பாக்கி எண் வெட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணும் அராவப்பட்டிருந்தது.

பள்ளத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை.

ட்ளக்.



அவள் அசைத்துப் பார்த்தாள். மயிரிழை இடைவெளிகூட இல்லை. நேற்றுத்தான் அராவி முடித்ததுபோல உட்கார்ந்திருந்தது. முப்பது வருட வேலையில் இப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததில்லை. இது எப்படி இங்கே வந்தது, ஜோடியை யார் பிரித்தார்கள், பெயரையும் எண்ணையும் ஏன் அழித்தார்கள்... கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'அப்பாடா, ஒரு வேலை முடிந்தது' என்று மட்டும்தான் நினைத்தாள்.

களைப்பு அப்படித்தான். சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சாம்பல் பூத்த கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே கண்ணை வைத்தாள். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

3:10. பட்டறைக்குப் பின்னால் மண்மேட்டில் காகிதம் குத்தி, நூறு மீட்டரில் மூன்று குண்டு. குறியைத் திருத்தவே வேண்டியிருக்கவில்லை. போய்ப் பார்த்தாள். காகிதத்தில் ஒரே ஒரு துளை. மற்ற இரண்டும் எங்கே என்று தேடினாள்.

மூன்றும் ஒரே துளை.

3:52. வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க, தோட்டா இல்லாத துப்பாக்கியை ஜன்னல் சட்டத்தில் சாய்த்தாள். ஓடைக்கு அப்பால் புல்சரிவு. உறைபனியில் புல் வெளுத்துக் கிடந்தது. சரிவின் உச்சியில் கெர்னோட்டின் வேட்டைப் பரண். அடியில் ரோஸ்வீதா வீட்டு ஆட்டுக்கொட்டில்.

சரிவின் நடுவில் ஒரு கலைமான் நின்றது.

நல்ல மான். அகலமான கொம்பு. அது மெதுவாகத் தலையைத் திருப்பி நேராக அவளைப் பார்த்தது. வாயில் ஏதோ பச்சையாக இருந்தது. மென்றுகொண்டிருக்கவில்லை. சும்மா வைத்திருந்தது.

இந்த உறைபனியில் பச்சைப்புல் எங்கே கிடைத்தது?

அவள் கண்ணை எடுத்தாள். வெறுங்கண்ணால் பார்த்தாள்.

சரிவில் மான் இல்லை. மான் நின்ற இடத்தில் வென்டலின் வந்துகொண்டிருந்தான். அவள் புருஷன். பச்சைக் கோட்டு, தொப்பி, கையில் பால் கேன்.

இடது கண்ணில் கறுப்புப் பூச்சி இங்கும் அங்கும் பறந்தது.

'தூங்கணும்' என்று நினைத்தாள். கண்ணைக் கசக்கினாள். துப்பாக்கியை உறையில் போட்டாள்.

4:02. வென்டலின் உள்ளே வந்தான்.

"ஒரு ஆட்டைக் காணோம். அந்தச் செவலைச் சனியன். வேலியத் தாண்டிடுச்சு."

"காது மெஷின் எங்கே?"

"என்ன?"

"காது! மெஷின்!"

"சர்க்கரை டப்பால."

"அது ஏன் சர்க்கரை டப்பால இருக்கு?"

"என்ன?"

அவள் கையை விரித்தாள். அவன் சமையலறையில் ஒரு துண்டு பன்றியிறைச்சியை வாயில் போட்டுக்கொண்டு, கயிறு எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனான். அவன் போனதை அவள் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகியிருந்தது.

4:10. கெர்னோட் வந்தான். முதலில் நம்பவில்லை. பிறகு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் போனான்.

"விடுடா. இடுப்பு போயிடும். உனக்கில்ல, எனக்கு."

"எப்படி ரோஸி? ரெண்டு மணி நேரத்துல?"

"தானா உக்காந்துச்சு."

"வென்டலின் ஆட்டை அடைச்சிட்டானா? சரிவுல யாரும் இல்லையே?"

"இப்பதான் வீட்டுக்கு வந்தான்."

உண்மைதான். எட்டு நிமிடத்துக்கு முன்னால் அது உண்மை.

கெர்னோட் வாசல்வரை போனான். 'அதன் வழியா ஒரு விஷயம் பார்த்தேன்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? புருஷன் மானாகத் தெரிந்தான் என்றா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாகிறது, இப்போதுதான் தெரிகிறதா என்று ஊரே சிரிக்கும்.

வாயை மூடிக்கொண்டாள்.

4:27. போன். ஹார்டி.

"கெடச்சுது ரோஸி! நீ சிரிக்கப் போறே. அந்தத் துப்பாக்கி செஞ்சது உன் பட்டறையிலதான். உனக்கு முந்தி, அதுக்கும் முந்தி... ஓட்டோகர்னு ஒரு ஆள் இருந்தாரே, அவர் கைவேலை. வாங்கினது பிளாசியுஸ் செர்னிட்ஸ்."

செர்னிட்ஸ். கெர்னோட் தன் பண்ணையை, அந்தக் கொட்டகையோடு, வாங்கியது செர்னிட்ஸ் குடும்பத்திடமிருந்துதான்.

"இன்னொண்ணும் இருக்கு. ஓரத்துல சிவப்பு மையில. படிக்கவா? 'முப்பத்தேழு, நவம்பர். மான் என்று எண்ணி மனிதச் சாவு. தொலைநோக்கியை என் கையாலேயே பிரித்து எடுத்துவிட்டேன். இரண்டையும் மறுபடி ஒன்று சேர்க்கக் கூடாது.' மனுஷன் பயந்திருக்கான் பாரேன்... ரோஸி? இருக்கியா?"

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிவின் அடியில், கையில் கயிற்றோடு, பச்சைக் கோட்டு ஒன்று மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

போனைத் துண்டித்தாள்.

வென்டலினின் போன் சமையலறை மேஜையில். கெர்னோட்டின் போனை அழைத்தாள். அணைத்து வைத்திருந்தான். பரணில் ஏறும் எவரும் முதலில் செய்வது அதைத்தான்.

4:31. ஓடினாள்.

கோட்டு இல்லை. பட்டறைச் செருப்பு. பாதை முழுக்க உறைபனி. ஓடைப் பாலம்வரை போவதற்குள் இரண்டு முறை விழுந்தாள்.

"கெர்னோட்! சுடாதே!"

ஓடைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

4:38. பாலம். மூச்சு வாங்கியது. ஐம்பத்து நான்கு வயது, மூன்று நாள் தூக்கமின்மை. 

4:41. வேலிக்கதவு. இங்கிருந்து சரிவு முழுவதும் தெரிந்தது. வெளிச்சம் இன்னும் இரண்டு மூன்று நிமிடம்தான் தாங்கும்.

நடுச்சரிவில் வென்டலின். நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

உச்சியில் பரண். பரணின் ஜன்னலில் ஒரு கோடு. கறுப்பாக. மெல்லிசாக.

கோடு அசைந்தது.

வென்டலின் பக்கம் திரும்பியது.

"வென்டலின்! படு! கீழே படு!"

காது கேட்காத மனுஷன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கெர்னோட்! அது மான் இல்ல!"

கோடு நின்றது.

அசையவில்லை.

4:43.

டுமீல்!

மலை அந்தச் சத்தத்தை வாங்கி, திருப்பித் திருப்பிச் சொன்னது.

வென்டலின் விழுந்து கிடந்தான்.

 அவளால் ஓட முடியவில்லை. நடந்தாள். ஒரு கால்... இன்னொரு கால்...

மேலே பரணின் ஏணிப்படிகள். கட்... கட்... கட்... கெர்னோட் இறங்கினான். அவசரமே இல்லாமல். காட்டோரம் போனான். ஒரு ஊசியிலை மரத்தடியில் நின்றான்.

படக்.

ஒரு கொப்பை ஒடித்தான்.

 அது எதற்கென்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை வைக்க வேண்டும். கடைசிக் கவளம். பிறகு தொப்பியைக் கழற்றிப் பேசாமல் நிற்க வேண்டும். அதுதான் கொன்றவன் செத்ததற்குக் கொடுக்கும் மரியாதை.

கெர்னோட் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தான். வென்டலினின் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து பார்த்தான்.

நன்றாகப் பார்த்தான்.

அவள் பத்தடி தூரத்தில் இருந்தாள்.

"நல்ல மான், ரோஸி," என்றான். அமைதியான குரல். சந்தோஷமான குரல். "கொம்பை எண்ணிட்டேன். எட்டுக் கிளை."

வென்டலினின் தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றில், அவன் கை எதையோ பிடித்துத் தடவிக்கொண்டிருந்தது.

"கெர்னோட்... அது வென்டலின்."

அவன் காதில் விழவே இல்லை. மண்டியிட்டான். கட்டைவிரலால் வென்டலினின் உதட்டைப் பிரித்தான். கொப்பை வைத்தான்.

வென்டலினின் கண்கள் திறந்திருந்தன.

அவை அசைந்தன.

உயிர் இருக்கிறது!

கெர்னோட்டின் தோளில் துப்பாக்கி தொங்கியது. அவன் கை இடுப்புக்குப் போனது. இடுப்பில் கத்தி. விழுந்த மானுக்கு உயிர் இருந்தால் அடுத்தது கத்திதான்.

'இரண்டையும் ஒன்று சேர்க்கக் கூடாது.'

அவள் பாய்ந்து துப்பாக்கியைப் பிடித்தாள். தாழைத் தேடினாள். கட்டைவிரலால் நெம்பினாள்.

நகரவில்லை.

மதியம்தான் எண்ணெய் விட்டாள்.

நகரவில்லை.

கத்தி உறையைவிட்டு வந்தது.

இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள். நகம் பிய்ந்தது. அழுத்தினாள்...

ட்ளக்.

தொலைநோக்கி கழன்று புல்லில் விழுந்தது.

கெர்னோட் கண்ணைக் கொட்டினான். தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி. தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். கீழே பார்த்தான்.

"வென்டலின்...?"

வென்டலின் கொப்பைத் துப்பினான்.

"என்னடா வாயில திணிக்கிறே? பைத்தியமா உனக்கு?"

கெர்னோட் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முப்பது வருட வேட்டைக்காரன், குழந்தை மாதிரி அழுதான்.

வென்டலினுக்குக் கணுக்கால் சுளுக்கு. சரிவில் விழுந்ததில் மூச்சடைத்து, சிறிது நேரம் அசைய முடியவில்லை. அவ்வளவுதான். தொப்பியின் உச்சியில் மட்டும் முன்னாலும் பின்னாலும் இரண்டு ஓட்டைகள்.

"சரியான நேரத்துல குனிஞ்சே," என்றாள் ரோஸ்வீதா. வீட்டுக்கு வந்து, காது மெஷினைச் சர்க்கரையிலிருந்து எடுத்துத் துடைத்து அவன் காதில் வைத்தபிறகு.

"நானா குனிஞ்சேன்? அந்த ஆள் சொன்னான்."

"எந்த ஆள்?"

"யாரோ ஒரு இளவட்டம். 'குனி'ன்னான். காதுக்குள்ளயே வந்து சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவா. யாருன்னு திரும்பினேன், கால் வழுக்கிடுச்சு." கொஞ்சம் யோசித்தான். "வாயில எதையோ வெச்சிக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு."

அவனுக்குப் பதினோரு வருடமாக மெஷின் இல்லாமல் எதுவும் கேட்காது.

சனிக்கிழமை பனி கொட்டியது. கெர்னோட்டின் குத்தகை போனது.  அவனுடைய சொந்தத் துப்பாக்கியை இன்றுவரை அவன் வாங்கிப் போகவே இல்லை. சுவரோரம் ஒன்பதாவதாக அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை காலை 10:20. ஹார்டி பட்டறைக்கு வந்தான். ஒரு பழைய பத்திரிகை, ஓட்டோகரின் ஆர்டர் புத்தகம். அன்று அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

பத்திரிகையை அவளே படித்தாள். முப்பத்தேழாம் வருடம், நவம்பர். பிளாசியுஸ் செர்னிட்ஸ், கடைசி வெளிச்சத்தில், அதே சரிவில் ஒரு கலைமானைச் சுட்டான். மரியாதை செய்தான். ஊருக்குள் போய், மானை ஏற்ற வண்டியோடு நாலு பேரை அழைத்து வந்தான். விளக்கைத் தூக்கிப் பிடித்த நாலு பேரும் பார்த்தது, அவன் தம்பி ஊர்பானின் பிணத்தை. இருபத்து நான்கு வயது. தொலைந்த கன்றுக்குட்டியைத் தேடிப் போனவன். வாயில் பச்சைக் கொப்பு.

கோர்ட்டில் கேட்டார்கள். உன் கையாலேயே வாயில் கொப்பு வைத்தாயே, தம்பியின் முகம் தெரியவில்லையா?

'நான் மானின் முகத்தைத்தான் பார்த்தேன். நாக்கு இன்னும் சூடாக இருந்தது. கொம்பைக் கையால் பிடித்து எண்ணினேன். எட்டுக் கிளை.'

ரோஸ்வீதா பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"அன்னிக்குப் போன்ல நான் பாதிதான் படிச்சேன்," என்றான் ஹார்டி. "சிவப்பு மை அடுத்த பக்கத்துலயும் இருக்கு. நேத்துதான் திருப்பினேன்."

புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான். ஓட்டோகரின் குண்டுகுண்டான கையெழுத்து.

'துப்பாக்கியில் பெயரையும் தொலைநோக்கியில் எண்ணையும் அராவி அழித்தேன். கண்ணாடிகளுக்கு நடுவே ஈயம் காய்ச்சி ஊற்றிக் குழாயை அடைத்தேன். இனி எவரும் இதன் வழியே எதையும் பார்க்க முடியாது.'

"அப்ப இது வேற தொலைநோக்கியா இருக்கும்," என்றான் ஹார்டி. அவசர அவசரமாக. "நீ மாட்டினது வேற. இல்லையா ரோஸி? நீதான் அதன் வழியா பார்த்தியே."

 அவள், புல்லிலிருந்து பொறுக்கி வந்து இழுப்பறையில் போட்டிருந்த அதை எடுத்தாள். வைஸ் பிடியில் இறுக்கினாள். அதே கனம். முன்கண்ணாடியின் வளையத்தைத் திருகிக் கழற்றினாள். சாம்பல் பூத்த கண்ணாடி கையோடு வந்தது. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. சாம்பல் நிறம் அதற்குப் பின்னால் இருந்தது.

ஈயம்.

பின்கண்ணாடியைக் கழற்றினாள்.

ஈயம்.

ஆணியால் தட்டினாள். திடமாக, ஊசி நுழையும் இடைவெளிகூட இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஈயம்.

எண்பது வருடத்துக்கு மேலாக அந்தக் குழாய் குருடு.

அதன் வழியேதான் அவள் மூன்று குண்டை ஒரே துளையில் சுட்டாள். அதன் வழியேதான் கெர்னோட் எட்டுக் கிளையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை மாலை 3:52க்கு, வாயில் பச்சைக் கொப்போடு தலையைத் திருப்பி, அதன் வழியேதான் அது அவளைப் பார்த்தது.